வேடிக்கை பார்க்கப் போன துக்க வீடு

1

இந்த நாட்டில் எல்லாரும் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்தெட்டில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அமெரிக்காவில் வந்து இறங்கியதும் அதுதான் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆபீசில் நான் மிஸ்டர் கருப்பணன். பல் டாக்டருக்குக் கருப்பணன், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கருப்பணன். சாணார்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அப்பாவின் முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொன்னவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் கேட்டதற்குச் சொன்னதோடு சரி, நான் அதை வாயால் உச்சரித்ததில்லை.

சரசு பாடு இன்னும் திண்டாட்டம். என் மனைவி நெய்க்காரப்பட்டிக்காரி. மாமனார் பெயரை மருமகள் சொல்வதாவது! குடியேற்ற ஆபீசில் ஓர் அம்மாள், "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று அவளைக் கேட்டார். சரசு என்னைப் பார்த்தாள். "மாமா பேர நான் எப்படிங்க வாய்விட்டுச் சொல்லுவேன்? நீங்களே சொல்லிப்போடுங்க" என்றாள். நான் சொல்லக் கூடாது, அவளேதான் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாள் கண்டிப்பாக இருந்தார். கடைசியில் சரசு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். இவளுக்கு ஆங்கிலம் பேச வராது என்று படிவத்தில் குறித்துக்கொண்டார்கள். சரசு பி.ஏ. படித்தவள்.

வருகிற வாரம் அப்பாவுக்கு வருஷத் திதி. இங்கே அதற்கு என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. போன வருஷம் நடந்ததை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்தேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டினாலும் திட்டலாம். திட்டுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

2

முதலில் அந்த மாசி மாதத்துக் கடிதத்தைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு எழுத வராது. தங்கச்சி புருஷன்தான் எழுதுவார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார். அவர் சொன்னதைச் சொன்னபடியே மாப்பிள்ளை எழுதிவிடுவதால், படித்தால் அப்பா பேசுவது அப்படியே கேட்கும். 'கெணத்துல கரண்டு மோட்டார் போட்டாச்சு. கமலை மாடு ரெண்டையும் வித்தாச்சு. இப்ப எனக்குச் சோலி ஒண்ணும் இல்ல. கண்ணு முன்னமாதிரித் தெரியல. ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ அப்பு.'

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் இங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தோம். மனு பரிசீலனையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் அதைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்று அச்சடித்த தாள் ஒன்று வந்திருந்தது. அதை நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன், எனக்கே அடிக்கடி காட்டிக்கொள்ள. சரசு அப்பாவின் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கல்யாணமான புதிதில், நான் கப்பல் ஏறிய பிறகு ஒரு வருஷம் அவள்தான் அங்கே இருந்து அவருக்குச் சோறாக்கிப் போட்டவள். அம்மா நான் படிக்கிற காலத்திலேயே போய்விட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. காயிதம் போனாப் போகுதுங்க, மறுக்கா எழுதிப் போட்டுக்கலாம்" என்றாள்.

"மறுக்காவா? இம்புட்டு வருஷம் காத்துக் கெடந்தது ஒனக்கு வெளையாட்டாத் தெரியுதா?"

"மாமா மறுக்கா கெடைப்பாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான பேச்சுக்குத்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சரசு தட்டை எடுத்தபடி சொன்னாள்: "சரிங்க, இனி நான் இதைப் பத்திப் பேசுல. ஆனா ஒண்ணு. நாளைக்கு அங்க ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா, எம் மூஞ்சியப் பாக்க உங்களால ஆகாது."

சொன்னபடியே அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆவணியில் அனுமதி அட்டை வந்தது. தைப் பொங்கலுக்குக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அப்பாவுக்கு எழுதினோம். அது அவர் கைக்குக் கிடைத்ததா என்று தெரியாது.

3

புரட்டாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து வந்து காரை நிறுத்திவிட்டு வாசல் தபால் பெட்டியைத் திறந்தேன். மின்சார ஆபீஸ் கடிதம் ஒன்று, குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒன்று, நடுவில் ஊரிலிருந்து ஓர் ஏரோகிராம். அங்கேயே நின்றபடி பிரித்தேன். உச்சியில் பிள்ளையார் சுழி இல்லை.

நம்மவர்கள் நல்லதுக்கு எழுதினால் உச்சியில் ஒரு சுழி போடாமல் பேனா ஓடாது. சாவுச் சேதியில்தான் அது இருக்காது. அடுத்த வரியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டு படித்தேன்.

'மச்சான் அவர்களுக்கு. மாமா வெள்ளிக்கிழமை வெள்ளென தவறிட்டாங்க. ரெண்டு நாள் காய்ச்சல்தான். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். தந்தி கொடுத்தால் நீங்கள் பதறுவீர்கள், பதறினாலும் வந்து சேர முடியாது. ஆகையால் கடுதாசியாகவே போடுகிறோம். பதினாறாம் நாள் சனிக்கிழமை கருமாதி. மனதைத் தேற்றிக்கொள்ளவும்.'

அவ்வளவுதான். அப்பா கடைசியில் என்ன சொன்னார், என்னைக் கேட்டாரா என்று ஒரு வரி இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உதிர்ந்த இலைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, "ஹலோ, மிஸ்டர் கருப்பணன்!" என்றார். நானும் கையை ஆட்டினேன்.

அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி கடிதத்தில் 'தவறிட்டாங்க' என்ற இடத்தை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சாவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கிழிக்க மனம் வரவில்லை. காரில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டை பேண்ட்டோடு ஷவருக்கு அடியில் நின்றேன். ஈரத் துணியைப் பார்த்துச் சரசு, "என்னங்க இது கூத்து?" என்று கேட்டாள். பாலம் கட்டுகிற இடத்தில் சேற்றில் விழுந்துவிட்டேன் என்றேன். "பாத்து நடக்கக் கூடாதுங்களா? சின்னப் புள்ளையாட்ட" என்று துணியைப் பிழிந்து காயப் போட்டாள். அதில் சேறு இருந்திருக்காது.

ஏன் சொல்லவில்லை என்றால், அவள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்பே அவள் சொல்லிவைத்தது அப்படியே பலித்தது. அவளிடம் சொன்னால், 'நான் அப்பவே சொன்னனுங்களே' என்று ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தையோடு மீதி ஆயுளையும் ஒரே வீட்டில் கழிக்க வேண்டும். இதற்குத்தான் நான் பயந்தேன். அப்பா செத்ததற்கு அழாதவன் இதற்குப் பயந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

புதன், வியாழன், வெள்ளி வழக்கம்போல் போயின. காலை ஏழரைக்குக் கார், எட்டேகாலுக்கு ஆபீஸ். பாலத்தின் தூண்களுக்கு எத்தனை கம்பி, என்ன கனம் என்று படம் போடுவது என் வேலை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கருப்பணன் என்று கையெழுத்துப் போட்டேன். சவரம் செய்யவில்லை. பிளேடு தீர்ந்துவிட்டது என்று சரசுவிடம் சொன்னேன். அவள் போய் ஒரு பாக்கெட் வாங்கிவந்து கண்ணாடி முன்னால் வைத்துவிட்டாள். புதன்கிழமை மீன் குழம்பு வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று மோர்ச்சோறு தின்றேன். இப்படியாக ஊரில் ஒரு மகன் செய்ய வேண்டியதில் என் பங்குக்குச் செய்தது இரண்டு: தாடி வளர்த்தது, மீனைத் தள்ளிவைத்தது.

சனிக்கிழமை ஒரு பழைய கிராமத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போவதாகக் குழந்தைகளுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். கலாவின் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போய்வந்துவிட்டார்களாம். அவளுக்கு ஏழு வயது, முரளிக்கு ஐந்து. இரண்டும் இங்கே பிறந்ததுகள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். முதலில் அதட்டிப் பார்த்தோம், பிறகு பதில் வந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஊரில் அப்போது சாயங்காலம் ஆறரை. கருமாதி முடிந்து, உறவுமுறையெல்லாம் சாப்பிட்டு, பாதிப் பேர் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். கார் ஓட்டிக்கொண்டே இதைக் கணக்குப் போட்டேன். வண்டி சரியான பாதையில்தான் போனது.

5

அந்த மாதிரிப் பழைய கிராமத்துக்கு இங்கே திறந்தவெளி அருங்காட்சியகம் என்று பெயர். நம் ஊர் மியூசியம் மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் ஈட்டியும் செப்புக்காசும் கிடையாது. நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய வீடுகளை எங்கெங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே ஊராக நட்டிருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆட்கள் அந்தக் காலத்து உடையில் அங்கே நடமாடுகிறார்கள். ஒருவர் இரும்பு அடிக்கிறார், ஒருவர் வேலி கட்டுகிறார், பெண்கள் அடுப்பு ஊதுகிறார்கள். கேள்வி கேட்டால் அந்தக் காலத்து ஆள் மாதிரியே பதில் சொல்வார்கள். சனம் வரிசையில் நின்று பார்க்கிறது.

முதல் வீட்டில் ஒரு பெண் வெண்ணெய் கடைந்தாள். சுற்றி ஐம்பது பேர் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். சரசு என் காதுக்குள் வந்தாள். "இதப் பாக்கவாங்க ரெண்டு மணி நேரம் காருல வந்தோம்? எங்கம்மா இன்னிக்குக் காலையில கடைஞ்சுபோட்டு வேற வேலைக்குப் போயிருப்பாங்க." செத்த நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள கடையற வேகத்துக்கு, வெண்ணெய் திரள்றதுக்குள்ள நாம பொங்கலுக்கே ஊருக்குப் போயிட்டு வந்துரலாமுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வாயை மட்டும் விரித்தேன்.

அடுத்தது மாடுகள். செவலைக் காளைகள் இரண்டு, நல்ல திமில் இல்லாத கட்டை மாடுகள். வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் அதட்டி முன்னும் பின்னும் நடக்கவிட்டார். முரளி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "நானும் இந்த மாதிரி மாடு ஓட்டியிருக்கிறேன்" என்றேன். குழந்தைகள் இரண்டும் சிரித்துவிட்டன. "பொய். அப்படியானால் நீங்கள் ஆயிரத்து எண்ணூற்று முப்பதில் இருந்தீர்களா?" என்று கலா கேட்டாள்.

"அட நெசந்தான் கண்ணு, அப்பா மாடு ஓட்டுனவங்கதான்" என்று சரசு சாட்சி சொன்னாள். கலா நம்பவில்லை.

நான் கமலையை விளக்கிப் பார்த்தேன். கிணற்றுக்குள் பெரிய இரும்புச் சால், அதில் கட்டிய வடத்தை இரண்டு மாடுகள் சரிவில் இழுத்துக்கொண்டு இறங்கும், தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும், மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறும், மறுபடி இறங்கும். "எதற்காக?" என்று கலா கேட்டாள். தக்காளிக்கும் கத்தரிக்கும் தண்ணீர் பாய்ச்ச என்றேன். "குழாய் இல்லையா?" இல்லை என்றேன். பேச்சு அதோடு நின்றது.

எனக்கு அந்த மாடுகளைப் பார்த்து ஏக்கம் ஒன்றும் வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கமலையிலிருந்து தப்பிக்கத்தான் நான் படித்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, மாடு இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து தொடையெல்லாம் காப்புக் காய்த்துப்போகும். பரீட்சையில் தேறிய அன்று அப்பா, "போதும்டா அப்பு. எங்கிட்டாச்சும் போய்ப் பொழச்சுக்க. இந்த மாட்டு வாலப் புடிச்சுக்கிட்டு நீயும் நிக்காத" என்றார். அவர் போகச் சொன்னார், நான் போனேன். அதிலெல்லாம் குற்றம் ஒன்றும் இல்லை. திரும்ப ஒரு தடவை வரச் சொன்னாரே, அதுதான் விவகாரம்.

தொப்பிக்காரர் என்னைப் பார்த்து, "வெகு தூரத்திலிருந்து வருகிறீர்களோ?" என்று கேட்டார். இந்த நாட்டில் ஒன்பது வருஷமாகக் கேட்கிற கேள்வி. இந்தியா என்பேன், மிஞ்சினால் மெட்ராஸ் என்பேன். அன்றைக்கு ஏனோ, "திண்டுக்கல்லுக்குக் கிழக்கே" என்றேன்.

"வண்டியில் ரொம்ப நாள் பிடித்திருக்குமே?" என்றார், அவர் தன் வேஷத்தை விடாமல்.

"ஒன்பது வருஷம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

6

தெருக்கோடியில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது. கதவில் கறுப்புத் துணி. பக்கத்தில் ஒரு பலகை: அந்தக் காலத்தில் ஒரு விவசாயி இறந்தால் என்னென்ன செய்வார்கள் என்று மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நடத்திக் காட்டுவார்களாம். பார்க்க வருகிறவர்கள்தான் துக்கத்துக்கு வந்த அக்கம்பக்கத்தார்.

சரசுவுக்குப் பிடிக்கவில்லை. "சாவு வீட்டையுமா நடிச்சுக் காட்டுவாங்க? வேண்டாமுங்க, ஊருக்குக் கெளம்பப் போற நேரத்துல அபசகுனமா." ஆனால் குழந்தைகள் அதற்குள் வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். நானும் போய் நின்றேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. சரசு முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தது திண்டுக்கல் ரயில் நிலையத்தில். அன்றைக்குச் சந்தை. கத்தரிக்காய் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். அப்பா கொஞ்சம் நின்றார், வெயிலைப் பார்த்தார். "காய் வாடிப்போகும், நான் வாரேன்" என்று வண்டிக்குப் போய்விட்டார். எனக்கும் அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. காய் வாடத்தான் செய்யும்.

உள்ளே இருட்டு. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு நாற்காலிகள் மேல் பைன் பலகைப் பெட்டி, மூடி ஆணியடித்தது. அதன் பக்கத்தில் கறுப்பு உடுத்திய ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் விதவை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், என் வயதுதான் இருக்கும், அறை நடுவில் நின்று வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். அவர் செத்தவரின் மகன். எழுபது வயதில் அப்பா போய்விட்டார், இரண்டு நாள்தான் படுத்தார் என்று ஒரே மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. அவர் வலது கையை நீட்டினார். நான் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினேன்.

நம் பக்கம் ஆம்பிளைகள் துக்கம் கேட்கிறது அப்படித்தான். போகிறவன் இரண்டு கையையும் நீட்டுவான், துக்கக்காரன் தன் இரண்டு கையாலும் அதைத் தொடுவான். பேச்சு கிடையாது. பதினாறு நாளும் ஊரும் உறவும் வந்து அப்படித் தொட்டுவிட்டுப் போகும். என் கையைத் தொட ஒருவரும் வரவில்லை, வர வழியும் இல்லை. நீட்டின பிறகுதான் என்ன செய்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது. அந்த மனுஷன் ஒரு கணம் விழித்தார். பிறகு தன் இரண்டு கைகளாலும் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது.

"கடைசியில் ஏதாவது கேட்டாரா?" என்று கேட்டேன்.

இது அவருக்குப் பாடம் கொடுத்த கேள்வி அல்ல என்பது முகத்திலேயே தெரிந்தது. பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். நல்ல நடிகர், சமாளித்துவிட்டார். "என்னைத்தான் கேட்டார், ஐயா. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். கையை உருவிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். யாரையும் பார்க்கவில்லை.

பின்னால் கலாவின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். விதவையிடமும் மகனிடமும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டு, "போய்வருகிறோம், மறுபடியும் வருவோம்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். நான் பாய்ந்து திரும்பி அவள் வாயைப் பொத்தினேன். "ஏய்! சொல்லாத! சொல்லிக்கிட்டு வரக் கூடாது, பேசாம வா!" என்று கத்தினேன். அந்தச் சின்ன அறை முழுக்க என் சத்தம்தான். கையைப் பிடித்துத் தரதரவென்று அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

7

வாசலுக்கு எதிரே பெரிய மரம் ஒன்று, அதன் கீழே நின்றோம். கலா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். சரசு முரளியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் பித்துப் பிடிச்சுப்போச்சுங்களா? துக்க வீட்டுலதான் சொல்லிக்காம வரோணும். இது வேசம் கட்டுன வீடு. இங்க சொல்லிட்டு வந்தா என்னங்க ஆயிப்போகும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நாலு நாள் தாடியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. முரளியின் கையை விட்டாள்.

"யாருங்க?" என்றாள்.

"அப்பா."

"எப்ப?"

"இன்னிக்குப் பதினாறு."

அந்த வார்த்தைக்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். நான் அப்பவே சொன்னனுங்களே. அவள் அதைச் சொல்லவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவள் இத்தனை சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. எங்கே வைத்திருந்தாளோ. "ஒரு வருசம் எங்கையால உண்டீங்களே மாமா, ஒரு வாய் அரிசி போட எங்கையி வல்லீங்களே மாமா... கண்ணு மங்குதுன்னு எழுதுனீங்களே மாமா, காட்ட ஒரு மொகமில்லாமப் போச்சுங்களே மாமா..." என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியும் எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. கால் மடங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன்.

கூட்டம் கூடிவிட்டது. துக்க வீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் அப்படியே இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினார். இரண்டு பேர் காமிராவை எடுத்தார்கள். இது எந்த நாட்டுச் சடங்கு என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள், பலகையில் இதைப் போடவில்லையே என்றாள். நிகழ்ச்சி இல்லை, நிஜம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே விதவையாக உட்கார்ந்திருந்த அம்மாள் மட்டும் படியிறங்கி வந்தாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு சரசுவின் பக்கத்தில் மண்டியிட்டு அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சரசு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஊரில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவது போலவே. அந்த அம்மாள் நடித்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாட்டு நின்றபோது யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அம்மா நடிக்கிறாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லம்மா. தாத்தா செத்துப்போயிட்டாரு" என்றேன்.

அவள் யோசித்தாள். அம்மாவைப் பார்த்தாள், கை தட்டுகிறவர்களைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எந்தத் தாத்தா?" என்றாள்.